எலிப் பல் சொன்ன உண்மை

போன மாதம் எங்கள் வீட்டு அடுக்களையில் ஒரு எலி புகுந்து கொண்டது. ஒரே வாரத்தில் அரிசி டிரம்மின் பிளாஸ்டிக் மூடியில் அரைவட்டமாக ஓட்டை போட்டது. தேங்காய் மூடியைச் சுரண்டியது. கடைசியில் பட்டுப்புடவை வைத்திருந்த அட்டைப் பெட்டியிலும் வாய் வைத்து விட்டது. அரிசி, தேங்காய் வரைக்கும் பொறுத்த எனக்குப் புடவை என்றதும் பொறுமை போய் விட்டது. தேரடித் தெருவுக்குப் போய் ஒரு எலிப்பொறி வாங்கி வந்து, மசால் வடைத் துண்டைக் கொக்கியில் குத்தி வைத்தேன். விடிகாலையில் 'டப்' என்று சத்தம்.

என் சின்ன மகள் எழுந்து ஓடி வந்தாள். பதினாறு வயது. பதினோராம் வகுப்பு படிக்கிறாள்.

"அம்மா, அதைக் கொன்னுடாதம்மா. மலைப்பக்கம் கொண்டு போய் விட்டுடலாம்."

"ஏண்டி, எலி மேல உனக்கு என்ன அவ்வளவு பாசம்?"

"என் பல்லுக்கு என்ன ஆச்சுன்னு எலியை வச்சுத்தானேம்மா நமக்குப் புரிஞ்சுது!"

பொறியைக் கையில் வைத்துக் கொண்டு நான் அப்படியே நின்று விட்டேன். அவள் சொன்னது முற்றிலும் உண்மை. அந்தக் கதையைத்தான் சகோதரிகளே, இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன். கொஞ்சம் நீளமான கதை. அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்து விட்டு வந்து படியுங்கள்.

தீபம் முடிந்த வாரம்

அது 2012-ஆம் ஆண்டு. மலை மேல் கார்த்திகை தீபம் ஏற்றி, வெளியூர்க் கூட்டம் கலைந்த வாரம். அவளுக்கு அப்போது மூன்று வயது. கூட்டத்தில் தூக்கிக் கொண்டு அலைந்ததால் வந்த காய்ச்சல் என்றுதான் முதலில் நினைத்தேன். மிளகு கஷாயம், நெற்றியில் பற்று எல்லாம் ஆயிற்று. காய்ச்சல் போவதும் வருவதுமாக இருந்தது. குழந்தை வெளுத்துக் கொண்டே வந்தாள். "கால் வலிக்குதும்மா" என்று நடக்க மறுத்தாள். குளிப்பாட்டும்போது பார்த்தால் தொடையிலும் முதுகிலும் கன்றிப் போனது போல நீல நீலமாக இருந்தது. எங்கும் விழவில்லை, யாரும் அடிக்கவும் இல்லை.

ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் என் கணவரைத் தனியாக அழைத்துப் பேசினார். அவர் வெளியே வந்தபோது அவர் முகமே எனக்குச் சொல்லி விட்டது. ரத்தப் புற்று.

புற்றுநோய் என்றதும் நம் பக்கத்து ஜனங்களுக்கு அடையாறுதான் நினைவுக்கு வரும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையை இந்த நோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தை மனதில் வைத்துப் பாடுபட்டு, 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கி வைத்த மருத்துவமனை அது. குழந்தைகளுக்கென்று தனிப் புற்றுநோய்ப் பிரிவை அங்கே 1960-லேயே ஏற்படுத்தினார்கள். 2021 ஜனவரியில் மறைந்த டாக்டர் சாந்தா அம்மையார் தம் வாழ்நாள் முழுவதையும் அங்கேதான் செலவிட்டார். எங்களுக்கு இடம் கிடைத்தது சென்னையிலேயே வேறொரு மருத்துவமனையில். பெயர் எதற்கு? என் குழந்தையின் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு.

இரண்டரை வருடம் சிகிச்சை. அண்ணாமலைக்கும் சென்னைக்கும் எத்தனை தடவை பஸ் ஏறியிருப்போம் என்று கணக்கே இல்லை. மருந்து ஏற்றிய முதல் மாதமே சுருள் சுருளாக இருந்த முடி எல்லாம் தலையணையில் வந்து விட்டது. அதை எதிர்பார்த்திருந்தேன். முடி கொட்டும் என்று எல்லோரும் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

வாயைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. மருந்து ஏற்றி ஏழெட்டு நாளானதும் உதட்டின் உட்புறமும் நாக்கும் வெந்து போனது போல் புண்ணாகி விடும். மோர் சாதத்தைக் கூட விழுங்க முடியாமல் அழுவாள். சில நாள் புண்ணே இல்லாமல், கன்னத்தைப் பிடித்துக் கொண்டு "பல்லு வலிக்குது" என்று துடிப்பாள். டார்ச் அடித்துப் பார்த்தால் சொத்தை ஒன்றும் இருக்காது. அவளுக்கு ஏற்றிய மருந்துகளில் வின்கிரிஸ்டின் என்று ஒன்று. அது நரம்பைத் தொடக்கூடியது, தாடையிலும் நல்ல பல்லிலும் கூட வலியைக் கொண்டு வரும் என்பதெல்லாம் எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது.

அந்த வின்கிரிஸ்டின் எதிலிருந்து வருகிறது தெரியுமா? நம் வீட்டு வாசலில் தானாக முளைத்துப் பூக்கிறதே நித்தியகல்யாணி, அதிலிருந்துதான். சர்க்கரை நோய்க்கு நல்லது என்று கேள்விப்பட்டு, கனடாவில் 1950-களில் அதன் இலைச் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை, ரத்தத்தின் வெள்ளை அணுக்கள்தான் குறைந்தன. வெள்ளை அணு தறிகெட்டுப் பெருகுவதுதானே ரத்தப் புற்று? அந்தப் பொறியைப் பிடித்துக் கொண்டு போய்த்தான் இந்த வகை மருந்துகளைக் கண்டார்கள். வின்கிரிஸ்டின் 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. (இதைப் படித்து விட்டு யாரும் நித்தியகல்யாணி இலையைப் பறித்து மென்று விடாதீர்கள். அது விஷச்செடி. மருந்தாக்கி அளந்து கொடுத்தால்தான் மருந்து.)

2015-இல் சிகிச்சை முடிந்தது. ஒரு காலத்தில் இந்த நோய் வந்த குழந்தைகளில் பிழைத்தவர்களே அரிது. இன்று வசதியான நாடுகளில் நூற்றுக்கு 80 குழந்தைகளுக்கு மேல் குணமாகிறார்கள். என் மகளும் குணமானாள். முடி முன்னைவிட அடர்த்தியாக வளர்ந்தது. பள்ளிக்கூடம் போனாள். நாங்களும் அந்த நாட்களை மறக்கத் தொடங்கினோம்.

கூரை மேல் எறிந்த பல்

ஏழு வயதில் பால் பல் விழ ஆரம்பித்தது. எங்கள் பாட்டி காலத்து வழக்கப்படி, விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரை மேல் எறிந்து, அணிலைப் போல அழகான பல் வேண்டும் என்று கேட்கச் சொன்னேன். முன்பற்கள் வந்தன. ஆனால் மேலே சுண்ணாம்புத் திட்டு போல் வெள்ளை வெள்ளையாக, விளிம்பு சற்றுச் சொரசொரப்பாக இருந்தன. கடைவாய்ப் பல் ஒன்று வந்த ஒரு வருடத்திலேயே சொத்தையாயிற்று.

அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது, அவள் வயதுப் பிள்ளைகளுக்கெல்லாம் வாய் நிறையப் பல். இவளுக்குக் கோரைப் பல்லுக்குப் பின்னால் வர வேண்டியவை வரவே இல்லை. பழைய பால் பல்லே தேய்ந்து போய் நின்று கொண்டிருந்தது. வந்த ஒன்றிரண்டும் அரிசி மணி போலச் சின்னதாக இருந்தன. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக் கொள்ளப் பழகி விட்டாள். பள்ளிக்கூடத்தில் எடுத்த குரூப் போட்டோவில் அவள் ஒருத்திதான் உதட்டை இறுக்கிக் கொண்டு நிற்கிறாள்.

வீட்டுக்கு வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா?

"ஏம்மா, சின்னதுல பல்லு ஒழுங்கா தேய்ச்சு விட்டியா நீ?" என்றார் மாமியார்.

"ஆஸ்பத்திரியில அழுதான்னு மிட்டாயா வாங்கிக் குடுத்தா, பல்லு எப்படி இருக்கும்?" என்றார் நாத்தனார். "நாளைக்கு ஒரு எடத்துல பொண்ணு குடுக்க வேணாமா?"

அவர்கள் சொன்னது கூடப் பரவாயில்லை, சகோதரிகளே. எனக்குள்ளேயே அந்தக் குரல் இருந்ததுதான் பெரிய வேதனை. ஊசி போடும் ஒவ்வொரு தடவையும் நான் மிட்டாய் வாங்கிக் கொடுத்தது உண்மை. வாய்ப்புண் நாட்களில் பல் தேய்க்க விடாமல் விட்டு விட்டதும் உண்மை. உயிரைக் காப்பாற்றினேன் என்ற கர்வத்தில் பல்லைக் கெடுத்து விட்டேனே என்று எத்தனையோ இரவு தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

டாக்டரம்மா கேட்ட கேள்வி

கடைசியில் 2022-இல் ஒரு பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். சின்ன வயசு டாக்டரம்மா. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தவர், என்னைத் திட்டப் போகிறார் என்று நான் தயாராக உட்கார்ந்திருந்தேன். அவர் முழு வாயையும் ஒரே படமாக எடுக்கும் எக்ஸ்ரே எடுத்தார். அதை விளக்கொளியில் கொஞ்ச நேரம் பார்த்து விட்டு, மெதுவாகக் கேட்டார்:

"ஏம்மா, பாப்பாவுக்குச் சின்ன வயசுல பெரிய வியாதி ஏதாவது வந்துதா? கீமோ ஏதாவது குடுத்தாங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் அதைச் சொல்லவே இல்லையே! பல்லைப் பார்த்து எப்படிக் கண்டுபிடித்தார்?

அவர் படத்தைக் காட்டினார். வெளியே தெரியும் பல்லுக்குக் கீழே தாடைக்குள் நீளமாக வேர் இருக்க வேண்டும். என் மகளின் பல் வேர்கள் பாதியில் முறித்தது போலக் குட்டையாக, நுனி கூம்பி இருந்தன. சில பற்கள் இருக்க வேண்டிய இடத்தில் முளையே இல்லை.

"இது நீங்க தேய்ச்சு விடாததால வந்தது இல்லம்மா. மிட்டாயால சொத்தை வரும், வேர் குட்டையாகாது. மருந்து ஓடின காலத்துல தாடைக்குள்ள எந்தப் பல்லு உருவாகிட்டு இருந்துதோ, அந்தப் பல்லுல அது எழுதி வச்சிட்டுப் போயிருக்கு."

அங்கேயே உட்கார்ந்து அழுது விட்டேன். துக்கத்தில் இல்லை. பத்து வருடப் பாரம் இறங்கிய அழுகை அது. அந்த டாக்டரம்மா மேல்படிப்பின்போது ஆராய்ச்சி எலிகளின் பற்களைப் பார்த்தவராம். என் மகள் விடாமல் கேள்வி கேட்டதால், அவர் பொறுமையாக விளக்கினார். எனக்குப் புரிந்த மாதிரி உங்களுக்கும் சொல்கிறேன்.

எலிக்கு ஏன் இந்த வேலை?

எலிக்கு மொத்தம் 16 பற்கள். முன்னே மேலே இரண்டு, கீழே இரண்டு. பிறகு ஒரு வெட்டவெளி. அதற்குப் பின்னால் கடைவாய்ப் பற்கள் பன்னிரண்டு. இந்த நான்கு முன்பற்கள்தான் அதிசயம். அவை எலி சாகும் வரை வளர்ந்து கொண்டே இருக்கும், நம் நகத்தைப் போல. ஈற்றுக்கு அடியில், வேர்ப் பக்கத்தில் அணுக்கள் இடைவிடாமல் பிரிந்து பிரிந்து புதுப் பல்லைச் செய்து மேலே தள்ளிக் கொண்டே இருக்கின்றன. ஏறக்குறைய ஒரு மாதத்தில் சுண்டெலியின் முன்பல் முழுவதுமே புதிதாகி விடும். அதனால்தான் அது கொறித்துத் தேய்த்துக் கொண்டே இருக்கிறது. என் அரிசி டிரம்மின் மூடி அந்தக் கணக்கில் போயிற்று! அணிலுக்கும் இதே கதைதான்.

இப்போது புற்றுநோய் மருந்துக்கு வாருங்கள். புற்று அணுவின் குணம், வேகமாகப் பிரிந்து பெருகுவது. பழைய கீமோ மருந்துகளில் பெரும்பாலானவை, பிரிந்து கொண்டிருக்கும் அணுவைப் பார்த்துத் தாக்குபவை. அவற்றுக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. முடியின் வேரில் வேகமாகப் பிரியும் அணுக்கள் உண்டு. ஆகவே முடி கொட்டுகிறது. வாயின் உட்தோல் அடிக்கடி புதுப்பித்துக் கொள்வது, ஆகவே புண்ணாகிறது. எலியின் முன்பல்லோ ஓயாமல் வளர்வது. ஆகவே மருந்து அங்கேயும் கை வைக்கிறது.

சைக்ளோபாஸ்பமைடு என்று ஒரு மருந்து. மனிதருக்குப் பலவகைப் புற்றுக்கு இன்றும் கொடுக்கிறார்கள். அதை எலிக்குக் கொடுத்தால், முன்பல்லின் அடியில் பிரியும் அணுக்கள் மடிந்து, அந்த நேரத்தில் உருவாகும் பல் ஒழுங்கற்றுப் போகிறது. அளவு அதிகமானால் வளர்ச்சி தடைப்பட்டுப் பல்லே உடைந்து போவதும் உண்டு. நம் நித்தியகல்யாணி மருந்தும் எலிப் பல்லின் உட்பகுதியைச் செய்யும் அணுக்களைக் குலைக்கிறது. கதிர்வீச்சும் அப்படியே. பிறந்து சில நாளே ஆன எலிக்குட்டிக்குச் சைக்ளோபாஸ்பமைடு கொடுத்துப் பார்த்ததில், வளர்ந்த பிறகு அதன் கடைவாய்ப் பற்களின் வேர் குட்டையாக இருந்தது. என் மகளின் எக்ஸ்ரேயில் கண்ட அதே குட்டை வேர்!

பழைய மருந்துகளோடு இது நின்று விடவில்லை. சிறுநீரகப் புற்றுக்குக் கொடுக்கும் பசோபனிப் போன்ற புதுக்கால மாத்திரைகளிலும், எலிகளின் பல் நீண்டு, நொறுங்கி, விழுந்ததைப் பார்த்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் டாக்டரம்மா சொன்னார். அது என் மனதில் நன்றாகத் தைத்தது. ஆராய்ச்சிக்கூடத்தில் மருந்து கொடுத்த எலி இளைத்துப் போனால், மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணத் தோன்றும். ஆனால் சில நேரம் காரணம் வேறாக இருக்கும். பல் உடைந்தோ கோணலாக வளர்ந்தோ, கெட்டியான தீனியைக் கடிக்க முடியாமல் பட்டினி கிடந்திருக்கும். ஆகவே விவரமுள்ளவர்கள் முதலில் வாயைத் திறந்து பார்ப்பார்கள். தீனியை நனைத்துக் குழைத்து வைப்பார்கள். என் குழந்தை ஆஸ்பத்திரியில் சாப்பிட மறுத்தபோது "அடம் பிடிக்கிறா" என்று நான் அதட்டியது நினைவுக்கு வந்தது. எலியின் வாயைத் திறந்து பார்க்கத் தோன்றுகிறது. குழந்தையின் வாயைத் திறந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லையே!

எலிக்குத் திரும்பும், நமக்குத் திரும்பாது

இங்கேதான் முக்கியமான விஷயம். எலியின் முன்பல் வளர்ந்து கொண்டே இருப்பதால், மருந்து நின்று அடியில் உள்ள அணுக்கள் பிழைத்துக் கொண்டால், கெட்ட பகுதி தேய்ந்து போய்ப் பின்னால் நல்ல பல் வரும். நம் முடியும் அப்படித்தான் திரும்பி வருகிறது. ஆனால் மனிதப் பல் ஒரே ஒரு தடவைதான் செய்யப்படுகிறது. செய்யும்போது இடைஞ்சல் வந்தால் வந்ததுதான்.

குழந்தை பிறக்கும்போதே முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் தாடைக்குள் கெட்டிப்படத் தொடங்கி விடுகிறது. கோரைப் பல்லுக்குப் பின்னால் வரும் சின்னக் கடைவாய்ப் பற்கள் இரண்டு வயதை ஒட்டி ஆரம்பிக்கின்றன. ஏழெட்டு வயதுக்குள் ஞானப் பல் தவிர மற்றவற்றின் மேல்பகுதி முடிந்து விடும். வேர் முடியப் பதினாலு, பதினைந்து வயதாகும். ஆகவே ஐந்தாறு வயதுக்குள் கீமோவோ கதிர்வீச்சோ பெற்ற குழந்தைகளுக்குத்தான் பல் வராமல் போவது, சிறுத்துப் போவது, வேர் குட்டையாவது, எனாமல் கெடுவது எல்லாம் அதிகம். என் மகளுக்கு மூன்றிலிருந்து ஐந்தரை வயது வரை மருந்து ஓடியது. எந்தப் பல் எப்படி இருக்கிறது என்று பார்த்தால் அந்த வருடங்களை விரல் விட்டு எண்ணலாம்.

சித்தப்பாவின் பல்

பெரியவர்களுக்குப் பல் வளர்ந்து முடிந்து விட்டதே, பயமில்லை என்று நினைக்காதீர்கள். அவர்களுக்கு ஆபத்து வேறு வழியில் வருகிறது.

எங்கள் ஊருக்குக் கதிர்வீச்சு என்பது புதுச் சொல் இல்லை. ரமண மகரிஷிக்கு இடது கையில் வந்த சார்கோமாக் கட்டிக்கு 1949-லேயே நான்கு முறை அறுவை சிகிச்சையோடு ரேடியம் சிகிச்சையும் செய்து பார்த்தார்கள். 1950 ஏப்ரல் 14-ஆம் தேதி அவர் மறைந்தார். இன்று கதிர்வீச்சு எவ்வளவோ முன்னேறியிருக்கிறது; 'கரண்ட் வைக்கிறது' என்று ஜனங்கள் சாதாரணமாகச் சொல்கிறார்கள்.

என் சித்தப்பாவுக்கு வெற்றிலைப் புகையிலைப் பழக்கம். கன்னத்தில் புற்று வந்து கரண்ட் வைத்தார்கள். நோய் போயிற்று. ஆனால் எச்சில் வற்றிப் போனது. கதிர் பட்ட எச்சில் சுரப்பிகள் பழையபடி சுரப்பதில்லை. எச்சில் என்றால் நாம் அருவருப்போம். அதுதான் பல்லுக்குக் காவல்காரன். அது இல்லாவிட்டால் ஈறை ஒட்டிச் சுற்றி வளைத்துச் சொத்தை விழும். சித்தப்பாவுக்கு இரண்டு வருடத்தில் அப்படித்தான் விழுந்தது. வலி பொறுக்காமல் ஒரு இடத்தில் போய்ப் பல்லைப் பிடுங்கிக் கொண்டு வந்தார். கரண்ட் வைத்ததை அவர் சொல்லவில்லை; அவர்களும் கேட்கவில்லை. பிடுங்கிய இடம் மாதக் கணக்கில் ஆறவில்லை. எலும்பு வெளியே தெரிந்து சீழ் வைத்தது. கதிர் பட்ட தாடை எலும்புக்கு, முக்கியமாகக் கீழ்த்தாடைக்கு, ரத்த ஓட்டம் குறைந்து ஆறும் சக்தி போய் விடுகிறதாம். கரண்ட் வைப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே கெட்ட பல்லை எடுத்திருந்தால் அந்தச் சித்திரவதை இல்லை.

எலும்புக்குப் பரவிய புற்றுக்குப் போடும் ஜோலட்ரானிக் ஆசிட் போன்ற ஊசிகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். அந்த வகை மருந்து போட்டுக் கொண்டவர்களுக்குத் தாடை எலும்பு பட்டுப் போவதை 2003-லிருந்து டாக்டர்கள் எழுதி வருகிறார்கள்.

நாம் செய்யக்கூடியது

உங்கள் வீட்டில் யாருக்கும் இந்த நோய் வர வேண்டாம். வந்தால், நான் தெரியாமல் விட்டதை நீங்கள் விடாமல் இருக்கச் சில யோசனைகள்:

1. சிகிச்சை தொடங்குமுன், "ஒரு தடவை பல் டாக்டரைப் பார்த்து விடலாமா?" என்று புற்றுநோய் டாக்டரிடமே கேளுங்கள். சொத்தை, ஆடும் பல், ஈற்றில் சீழ் எல்லாவற்றையும் முன்கூட்டியே சரி செய்து கொள்ளலாம். அவசரமாக மருந்து தொடங்க வேண்டிய நோயானால், அதைத் தள்ளிப் போடக் கூடாது. முதலில் உயிர், பிறகு பல்.

2. மருந்து ஓடும் காலத்தில் ரத்த அணுக்கள் குறைந்திருக்கும். ரத்தம் நிற்காது, கிருமி சுலபமாகப் புகுந்து விடும். ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் சம்மதித்தால் ஒழியப் பல்லைப் பிடுங்கக் கூடாது.

3. வாய்ப்புண்ணுக்கு, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு டீஸ்பூன் உப்பும் ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடாவும் கலந்து அடிக்கடி கொப்பளிக்கலாம். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். விழுங்கி விடும் சின்னக் குழந்தைக்கு, டாக்டரைக் கேட்டுக் கொண்டு, மெல்லிய துணியை நனைத்துத் துடைத்து விடலாம். கடையில் விற்கும் காரமான மவுத்வாஷ் வேண்டாம்; எரியும்.

4. பல் தேய்ப்பதை நிறுத்தாதீர்கள். மிக மிருதுவான பிரஷ் போதும். காரம், புளிப்பு, முறுக்கு, தட்டை விலக்கி, குழைந்த தயிர் சாதம், ஆறிய கஞ்சி, இட்லியைப் பாலில் ஊற வைத்தது என்று கொடுங்கள். சாப்பிடாவிட்டால் அதட்டுமுன் வாயைத் திறந்து பாருங்கள்.

5. எச்சில் வற்றியவர்கள் அடிக்கடி ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். வறட்சிக்கென்று புளிப்பு மிட்டாயும் எலுமிச்சைச் சாறும் சப்பிக் கொண்டிருந்தால் பல் இன்னும் வேகமாகப் போகும். ஃபுளோரைடு ஜெல் வேண்டுமா என்று பல் டாக்டரைக் கேளுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தண்ணீரிலேயே ஃபுளோரைடு அதிகம். அந்தப் பக்கத்தவர்கள் அதையும் சொல்லிக் கேளுங்கள்.

6. என்ன மருந்து, எந்த வருடம், எந்த இடத்தில் எத்தனை கதிர்வீச்சு என்ற சிகிச்சைச் சுருக்கத்தை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். குழந்தை பெரியவளானாலும், கல்யாணமாகிப் போனாலும், பல் டாக்டரிடம் போகும்போது அந்தக் காகிதம் கூடவே போக வேண்டும். வெட்கப்பட்டு மறைக்கிற விஷயம் இல்லை அது.

சிரித்த முகம்

என் மகளுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். வெள்ளைத் திட்டு விழுந்த முன்பற்களை, பல் நிறத்திலேயே பூச்சு வைத்து அழகாக்கினார்கள். அடியில் பல் வராத இடத்தில் இருக்கும் பழைய பால் பல்லைப் பிடுங்கி விடாமல், முடிந்த வரை காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். வேர் குட்டையாக இருப்பதால், கம்பி போட்டுப் பல்லை இழுப்பதில் மிகுந்த ஜாக்கிரதை வேண்டுமாம், போடவில்லை. சில மாதங்களுக்கு ஒரு தடவை ஃபுளோரைடு பூச்சு. தாடை வளர்ச்சி முடிந்த பிறகு, காலி இடங்களில் செயற்கைப் பல் வைப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்றிருக்கிறார்கள்.

மாமியாரிடம் அந்த எக்ஸ்ரே படத்தைக் காட்டி விளக்கினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக் கொண்டு வெகு நேரம் பார்த்தார். பிறகு, "பாவம், நீ என்ன பண்ணுவே? பொளச்சு வந்தாளே, அது போதும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் எவ்வளவு காலம் காத்திருந்தேன் என்று தாயாக இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

குழந்தையின் பல் கெட்டதற்கு உங்களையே நொந்து கொண்டிருக்கும் தாய் யாராவது இதைப் படித்தால், ஒன்று சொல்வேன். உங்கள் குழந்தை ஒரு பெரிய யுத்தத்தில் ஜெயித்து வந்தவள். குட்டையான அந்த வேர்கள் அந்த யுத்தத்தின் தழும்பு. பழியைக் கீழே இறக்கி வைத்து விட்டு, பல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

அன்று காலையில் நானும் அவளும் பொறியைத் தூக்கிக் கொண்டு மலையடிவாரம் வரை நடந்தோம். கதவைத் திறந்ததும் அந்த எலி ஒரு நிமிஷம் எங்களைப் பார்த்து விட்டுப் புதருக்குள் ஓடிப் போயிற்று. என் மகள் கைகொட்டிச் சிரித்தாள். கையால் வாயை மூடிக் கொள்ளவில்லை.

வரும் வழியிலேயே கடையில் ஒரு எவர்சில்வர் அரிசி டிரம் வாங்கி விட்டேன். நன்றி வேறு, அரிசி வேறு அல்லவா?